துணியின் பின்பக்கம்

நிலைத்து நிற்பதைப் பற்றிப் பேச நம்மிடம் இப்போது சொற்களுக்குப் பஞ்சமில்லை. நீடித்த வளர்ச்சி, நிலையான வளர்ச்சி என்று இங்கே எழுதுகிறார்கள். இலங்கையில் பேண்தகு அபிவிருத்தி, நிலைபேறான அபிவிருத்தி. 1987-ல் பிரண்ட்லாண்ட் குழுவின் அறிக்கை வெளிவந்த பிறகு பரவிய சொற்கள் இவை. மொழிபெயர்ப்பில் பிறந்த சொற்களுக்கே உரிய ஒரு சௌகரியம் இவற்றுக்கு உண்டு - யாரையும் தொந்தரவு செய்வதில்லை. கூடவே 'மக்கள் பங்கேற்பு' என்பதையும் சேர்த்துவிட்டால் வாக்கியம் தானே எழுந்து நடக்கத் தொடங்கிவிடும். எழுதுகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

எது நிலைக்கிறது, ஏன் நிலைக்கிறது என்ற கேள்வி எனக்கு விவசாயத்தின் வழியாக வந்ததல்ல. சிறுபத்திரிகைகளின் வழியாக வந்தது. 'எழுத்து' 1959-லிருந்து 1970 வரை 119 இதழ்கள் வந்தது. நம் கணக்கில் இது ஒரு யுகம். அதற்குப் பின் வந்தவற்றில் பல, பத்து இதழைத் தாண்டவில்லை. பணம் இல்லாமல் நின்றன என்று வெளியே சொல்லிக்கொள்வோம். பணம் என்றைக்கு இருந்தது? முதல் இதழுக்கும்தான் இருக்கவில்லை. நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. அது என்ன என்று இதைப் படிக்கிற இருநூறு முந்நூறு பேருக்குத் தெரியும். ஆகவே தருமபுரி மாவட்டத்தில் சிட்லிங்கி என்ற பள்ளத்தாக்கில் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சில காரியங்கள் தொடர்ந்து நடந்து வருகின்றன என்று சேலத்து நண்பர் ஒருவர் சொன்னபோது, எனக்கு முதலில் எழுந்தது சந்தேகம்தான். பிறகு அந்தச் சந்தேகமே போய்ப் பார்க்கத் தூண்டியது. ஒன்பது நாள் அங்கே தங்கியிருந்தேன்.

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாக பஸ் போகிறது. ஒரு பக்கம் சித்தேரி மலை, மறுபக்கம் கல்ராயன். இரண்டுக்கும் நடுவில் இருபதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள். பெரும்பாலோர் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையில் இருப்பவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் வந்ததாகத் தங்களைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார்கள். இவர்களைத் தவிர இரண்டு தாண்டாக்களில் லம்பாடிகள். மலையாளிகள் அரசாங்கப் பதிவேட்டில் பழங்குடியினர். லம்பாடிகளோ ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பழங்குடி, கர்நாடகத்தில் ஷெட்யூல்டு சாதி, தமிழ்நாட்டுக்குள் வந்தால் பிற்படுத்தப்பட்டோர். ஒரே ஜனம், எல்லைக்கோட்டைத் தாண்டுந்தோறும் வேறு வேறு பெயர்.

நம் கவிதைகளில் மலை நிறைய வருகிறது. மௌனமாக வருகிறது, மூடுபனியோடு வருகிறது, பெரும்பாலும் கவிஞனின் தனிமையைக் காட்டுவதற்காக வருகிறது. மலையில் ஒரு ரேஷன் கடை இருக்கிறது என்பதோ, கார்டுக்கு இத்தனை கிலோ அரிசி என்பதோ அங்கே வருவதில்லை. வந்தால் கவிதை கெட்டுவிடும் என்று ஓர் எண்ணம். கெட்டுத்தான் பார்க்கட்டுமே.

அரூர்ப் பகுதியைப் பற்றி எழுதும்போது வாச்சாத்தியைச் சொல்லாமல் போக முடியாது. சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். 1992 ஜூன் 20-ம் தேதி சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறைக்காரர்கள் அங்கே புகுந்தார்கள். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். ஊர் சூறையாடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு 2011 செப்டம்பரில் வந்தது. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள்; உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மேலே சொன்ன 'மக்கள் பங்கேற்பு', 'அரசின் ஒத்துழைப்பு' ஆகிய சொற்களை இந்த வட்டாரத்தில் யாராவது உச்சரித்தால் எப்படி ஒலிக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் சிட்லிங்கிக்கு வந்தது ஏறக்குறைய அதே காலத்தில்தான். கணவன் மனைவி, இருவரும் காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். 1993-ல் கூரைக் குடிசை ஒன்றில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது கிட்டத்திலிருந்த ஆஸ்பத்திரி அரூரில் - ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் அதைப்போல் இரண்டு மடங்கு தூரம். தொடங்கிய சமயத்தில் அவர்கள் எடுத்த கணக்கில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 முதல் வருஷத்தைத் தாண்டவில்லை. பிற்பாடு அது இருபதை ஒட்டி இறங்கியது. இந்த இறக்கம் டாக்டர்களால் மட்டும் ஆனதல்ல. ஊருக்கு ஒருத்தியாகத் தேர்ந்தெடுத்த பெண்கள் - படிப்பு அதிகமில்லாத, பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள் - வீடு வீடாகப் போய் கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள், குழந்தைகளைத் தராசில் நிறுத்தார்கள். பள்ளத்தாக்கின் பெண்களையே தாதிகளாகப் பழக்கினார்கள். இதெல்லாம் பலமுறை எழுதப்பட்ட சமாச்சாரம். நான் நீட்டவில்லை.

எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது அடுத்த கட்டம். நோயைத் துரத்திக்கொண்டு போனவர்கள் மண்ணில் போய் நின்றார்கள். குழந்தை ஏன் எடை போடவில்லை? வீட்டில் சத்தான தானியம் இல்லை. ஏன் இல்லை? நிலத்தில் சாமையும் ராகியும் போய், மஞ்சளும் மரவள்ளியும் கரும்பும் பருத்தியும் வந்துவிட்டன. அவை பணத்தைக் கொடுத்ததைவிட உரக்கடைக் கடனைக் கொடுத்தன. கடனை அடைக்க திருப்பூருக்குப் போனார்கள். திருப்பூருக்குப் போனவர்கள் பாடு பரவாயில்லை. 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். அந்த இருபதில் அநேகமாக எல்லோரும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த கூலிக்காரர்கள். சித்தேரி மலைக்காரர்களும் அவர்களில் உண்டு. சொந்த மண்ணில் இருந்து பிழைக்க முடிவது என்பது இந்த மலைகளில் லட்சியவாதம் சம்பந்தப்பட்ட விஷயமல்ல. போகாமல் இருக்க முடிகிறதா என்பதுதான்.

2004-ஐ ஒட்டி இயற்கை விவசாயத்துக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. ஆரம்பத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பிறகு நூற்றுக்கணக்கில் வளர்ந்தது. சாமை திரும்பி வந்தது.

திரும்பி வந்தது என்று சுலபமாக எழுதிவிட்டேன். ஒரு கிழவியோடு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எழுபதுக்கு மேல் இருக்கும். பழைய தானியங்களின் அருமை பெருமை பற்றி நகரத்தில் கேட்ட பேச்சையெல்லாம் நான் கொஞ்சம் அவள் முன் வைத்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சாமை நல்லதுதாங்க ஐயா. குத்தற கை யாருது?"

சாமையின் உமியை நீக்குவது நெல்லைக் குத்துவது மாதிரியல்ல. மணி சின்னது, தோல் கெட்டி. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு விடியற்காலையில் எழுந்துகொள்ள வேண்டும். ரேஷன் அரிசி வந்ததும் சாமை ஓடிப்போனதற்கு, மக்கள் பாரம்பரியத்தை மறந்தது காரணம் என்று நாம் கட்டுரை எழுதுகிறோம். 2011-லிருந்து அந்த அரிசிக்கு விலையும் கிடையாது. கிழவிக்கு உலக்கையிலிருந்து விடுதலை கிடைத்தது. சங்கம் உமி நீக்குவதற்கு மிஷின் வைத்த பிறகுதான் சாமை வீட்டுக்குள் மறுபடி நுழைய முடிந்தது. மரபு மிஷினில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மரபைப் பற்றி நாம் நடத்திய சர்ச்சைகளில் உலக்கை யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இயற்கை விவசாயம் என்று சொல்லி விற்க வேண்டுமென்றால் சான்று வேண்டும். சிறு விவசாயி தனியாக வாங்கினால் செலவு தாங்காது. குழுவாகத்தான் வாங்க முடியும். குழுவுக்கென்று இருக்கும் முறைகளில் அடிப்படை ஒன்றுதான் - ஒருவன் நிலத்தைக் குழுவிலேயே இன்னொருவன் போய்ப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியிலிருந்து அதிகாரி வருவது அதற்குப் பிறகு. அதாவது நோட்டுப் புஸ்தகத்தோடு வரப்பில் வந்து நிற்பவன் பக்கத்துக் காட்டுக்காரன். பெரும்பாலும் சொந்தக்காரன்.

ஒரு விவசாயி, நாற்பத்தைந்து வயது இருக்கும், தான் அப்படிப் பார்க்கப் போன கதையைச் சொன்னார். மஞ்சள் காடு. நிலம் அவருடைய தங்கையைக் கட்டிய மச்சானுடையது. களை எடுக்க ஆள் கிடைக்காத வருஷம். வரப்போரத்தில் புல் ஒரே மாதிரி மஞ்சளித்துக் கருகியிருந்தது. வெயிலில் காய்ந்த புல் அப்படி இருக்காது. களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். மச்சான் பக்கத்திலேயே நிற்கிறார். இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் பேசவில்லை.

"எழுதிட்டீங்களா?" என்றேன்.

"எழுதிட்டேன் சார்."

"பாக்காத மாதிரி வந்திருக்கலாமே."

"வரலாம். அடுத்த வருசம் அவன் என் காட்டுக்கு வருவான். அவனும் பாக்காத மாதிரி போவான். அப்புறம் என்னாத்துக்கு சார் நோட்டு, என்னாத்துக்கு சங்கம்?"

அந்த வருஷம் மச்சானின் மஞ்சளைச் சங்கம் எடுத்துக்கொள்ளவில்லை. வெளிச் சந்தையில் சாதாரண விலைக்குத்தான் போயிற்று. தங்கை பொங்கலுக்கு வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. இவர் மனைவி இவரோடு சண்டை போட்டிருக்கிறாள்: ஊரில் எத்தனை பேர், நீதான் போய் எழுத வேண்டுமா என்று. ஒன்றரை வருஷம் போக்குவரத்து இல்லை. பிறகு தங்கையின் கடைசிப் பெண்ணுக்குக் காது குத்த வேண்டியிருந்தது.

"தாய்மாமன் மடியில உக்கார வெக்காம எப்பிடி சார் காது குத்துவாங்க? மச்சானே வந்து கூப்பிட்டான். போனேன். சீர் வெச்சேன். சாப்பிட்டேன். களைக்கொல்லி பேச்சை அவனும் எடுக்கல, நானும் எடுக்கல. இப்ப சங்கத்துல இருக்கான்."

இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, வாய்க்கால் உடைந்தது, கட்டினோம் என்று சொல்லும் குரலில் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் சம்பந்தப்பட்டிருந்த ஒரு பத்திரிகையின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

பெயர் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆறு பேர் சேர்ந்து நடத்தியது. எனக்கு ஸ்டாம்ப் ஒட்டுவதும் புரூஃப் பார்ப்பதும் வேலை. ஆறு பேருக்கும் நவீன கவிதை பற்றி ஒரே அபிப்பிராயம், அதனால்தான் சேர்ந்தோம். பதினோராவது இதழில் ஆறில் ஒருவர், ஆறில் இன்னொருவருடைய தொகுதிக்கு மதிப்புரை எழுதினார். நல்ல மதிப்புரை. 'இந்தக் கவிதைகளில் படிமம் இருக்கிறது, பார்வை இல்லை' என்ற ரீதியில் போயிற்று. உதாரணங்களோடு எழுதியிருந்தார். இன்று படித்தாலும் அதில் ஒரு வரியை மாற்ற வேண்டியதில்லை. பன்னிரண்டாவது இதழ் வரவில்லை. மதிப்புரை எழுதியவரும் எழுதப்பட்டவரும் அதன் பிறகு ஒரே ஊரில் இருபத்தேழு வருஷம் இருந்தார்கள். ஒருவர் கருமாதிக்கு மற்றவர் போகவில்லை.

எங்களிடம் நோட்டு இருந்தது. எழுதுகிற துணிச்சலும் இருந்தது. அந்த விவசாயியைவிட நன்றாகவே எழுதினோம். இல்லாதது தாய்மாமன் மடி. எங்கள் ஆறு பேரையும் கட்டியிருந்தது அபிப்பிராயம் மட்டும்தான். அபிப்பிராயத்தில் அடி விழுந்தபோது கூப்பிட்டுப் போவதற்கு ஒரு காதுகுத்துகூட எங்களுக்குள் இருக்கவில்லை.

ஆனால் இதை இப்படியே விட்டுவிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. உறவுதான் காரணம் என்றால், நம் ஜனங்களிடம் உறவுக்கு என்றைக்கும் குறைவிருந்ததில்லை. உறவு இருக்கும் இடத்தில் கணக்குக் கேட்க முடியாது என்பதே நம் பொதுவான அனுபவம். உத்திரமேரூர்க் கல்வெட்டை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், 921-ஐ ஒட்டிப் பொறித்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. அவனுடைய தகப்பன், மகன், மாமனார், மருமகன், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் என்று ஒரு குடும்ப விருட்சத்தையே வெட்டித் தள்ளுகிறது. உறவு என்றாலே கூட்டுக் களவு என்று வைத்துக்கொண்டு சட்டம் செய்திருக்கிறார்கள். (அந்தச் சபை நிலமும் வேதமும் உள்ள பிராமணர்களின் சபை, கிராம ஜனநாயகம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.) சிட்லிங்கியில் நடப்பது அதற்கு நேர் எதிர். மச்சான் என்பதால் போகாமல் இருக்கவில்லை. மச்சான் என்பதால் திரும்பி வர முடிந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு மனிதனிடம் இருப்பது எப்படி என்பதுதான் எனக்கு இன்னும் முழுதாக விளங்காத இடம். சங்கம் சொல்லிக் கொடுத்தது என்று சொல்ல முடியவில்லை. மஞ்சளுக்குக் கிடைக்கும் கூடுதல் விலையால் என்றும் சொல்ல முடியவில்லை. விலை என்பது கண்ணை மூடிக்கொள்வதற்கும் ஒரு காரணம்தானே.

தாண்டாவில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன்.

லம்பாடிகள் ஒரு காலத்தில் பொதிமாட்டு வியாபாரிகள். தானியத்தையும் உப்பையும் ஆயிரக்கணக்கான மாடுகளில் ஏற்றிக்கொண்டு வடக்கிலிருந்து தெற்கே நடந்தவர்கள். மொகலாயப் படைக்கும் பிறகு கம்பெனிப் படைக்கும் தானியம் சுமந்தவர்கள். ரயில் வந்தது, பொதிமாடு நின்றது. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்த பிறகு சில பிரதேசங்களில் இவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அவர்கள் பேச்சுக்குச் சொந்தமாக லிபி கிடையாது. எழுதி வைத்துக்கொண்டது என்று ஏதாவது இருந்தால் அது பெண்களின் உடையில் இருந்த தையல்தான். இழையை எண்ணி எண்ணிப் போடும் தையல், கண்ணாடித் துண்டு, சோழி. சிட்லிங்கித் தாண்டாக்களில் அந்த உடையும் போயிற்று, தையலும் போயிற்று. புடவைக்கு மாறினார்கள். தையல் ஞாபகமிருந்த கிழவிகள் இரண்டு பேர்தான் மிச்சம் என்ற ஸ்திதியில், 2006-ல் அவர்களிடமிருந்து இளம் பெண்கள் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். 'போர்கை' என்று பெயர் வைத்தார்கள். லம்பாடிப் பேச்சில் பெருமை என்று அர்த்தம். இப்போது ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் தைக்கிறார்கள். சட்டை, தலையணை உறை, பை என்று தைத்து நகரத்துக்குப் போகிறது.

இது கலையா, கைத்தொழிலா என்று நம்மில் சிலர் உடனே கேட்பார்கள். விற்பதற்காகச் செய்வது கலையாக இருக்க முடியுமா? உடம்பில் உடுத்திய தையல் தலையணை உறைக்கு வந்துவிட்டால் அது அதேதானா? தெருக்கூத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தபோது இதே கேள்விகளை வைத்துக்கொண்டு நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். எனக்கு அந்தக் கேள்விகள் மேல் இன்னும் மரியாதை உண்டு. கூடத்தில் ஒரு பெண் தைத்து முடித்த துணியை ஒரு வயதான அம்மாள் வாங்கிப் பார்த்தபோது அவற்றைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது.

அந்த அம்மாள் துணியின் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. வாங்கிய உடனே திருப்பிவிட்டாள். பின்பக்கத்தில் இழைகள் எப்படி ஓடுகின்றன, எங்கே தாண்டியிருக்கிறது, முடிச்சு எங்கே என்று விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. லம்பாடியில் இரண்டு வார்த்தை சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. முன்பக்கத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எவ்வளவோ உற்றுப் பார்த்தேன். நகரத்துக் கடையில் வாங்குகிறவளுக்கும் தெரியப்போவதில்லை.

"என்ன சொன்னீங்கம்மா?" என்று கேட்டேன்.

"பிரிக்கச் சொன்னேன்" என்றாள் தமிழில்.

அந்தப் பெண் கத்தரிக்கோலின் நுனியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். அரை நாள் வேலை போயிற்று. முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள். கிழவி பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலையை மென்றபடி, பிரித்த நூலைச் சிக்கில்லாமல் விரலில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். பிரிக்கச் சொல்லிவிட்டு அவள் எழுந்து போயிருந்தால், நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பள்ளத்தாக்கைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பையன்கள் இன்னும் திருப்பூருக்குப் போகிறார்கள். உரக்கடையில் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. சங்கத்தில் சேராதவர்கள் நிறைய. மஞ்சளித்த புல்லைப் பார்க்காமல் வருகிறவர்களும் இருப்பார்கள், அந்தக் கதைகளை என்னிடம் யாரும் சொல்லப் போவதில்லை. எல்லாவற்றையும்விட, இவ்வளவுக்கும் தொடக்கம் வெளியிலிருந்து வந்த இரண்டு பேர். அவர்களுக்குப் பிறகு என்ன என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. சிறுபத்திரிகைக்காரனுக்கு அது ரொம்பவும் பரிச்சயமான கேள்வி. பத்திரிகை என்பது ஆசிரியரின் ஆயுள்; நம்மில் யாரும் அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனதில்லை. அங்கே தாதியாகப் பழகிய பெண்கள் தங்களுக்கு அடுத்து வந்தவர்களைப் பழக்கியிருக்கிறார்கள். கிழவியிடம் கற்ற பெண்கள் மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். நாம் செய்ததைவிட அது அதிகம். போதுமா என்பது வேறு.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த விவசாயி, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். கவிதை எழுதுவதாகவும், கவிதைகளைப் பற்றி எழுதுவதாகவும் சொன்னேன். யோசித்தார். "நீங்க எழுதறத யாரு சார் வந்து பாப்பாங்க?" என்றார். என்னைப் போல எழுதுகிற மற்றவர்கள் பார்ப்பார்கள் என்றேன். "அப்ப சரிதான்" என்றார். அவருக்கு அதில் சந்தேகம் ஏதும் இருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் இந்தப் பத்திரிகையின் ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. என்னுடைய சென்ற வருஷத் தொகுதிக்கு ஒரு மதிப்புரை வந்திருக்கிறதாம். எழுதியவர் எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். இந்தப் பக்கங்களில் அடிக்கடி எழுதுகிறவர். கடுமையாக இருக்கிறது, இரண்டு மாதமாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன், போடட்டுமா வேண்டாமா, போடுவதற்கு முன் உங்களுக்கு அனுப்பிவைக்கட்டுமா என்று கேட்டிருந்தார்.

அனுப்ப வேண்டாம் என்று எழுதினேன். அடுத்த இதழிலேயே போட்டுவிடும்படியும் சொல்லியிருக்கிறேன். மதிப்புரை எழுதியவரின் பேத்திக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை வந்திருக்கிறது. நான் போகிறேன். பக்கம் போதவில்லை என்றால் அந்த மதிப்புரையைச் சுருக்க வேண்டாம். இதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.